காகம் அடிச்ச இடத்துல கார் பெயின்ட் ஏன் செத்துப்போகுது?

காகம் கார்ல எச்சம் போட்டா அது அசிட், பெயின்டைத் திண்டுரும் எண்டு கராஜ்ல இருந்து கலியாண வீடு வரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. அது பாதி சரி. மற்றப் பாதி வெயில்ட வேலை, அதை ஒருத்தரும் கணக்குல எடுக்கிறதில்ல. மட்டக்களப்புல கச்சான் காத்து வீசுற காலத்துல பகல் 12 மணிக்கு பொனட்ல விழுந்ததும், நுவரெலியா குளிருக்குள்ள விழுந்ததும் ஒரே காகத்துட எச்சமா இருந்தாலும் சேதம் ஒரே மாதிரி இல்ல.

முதல்ல அதுக்குள்ள என்ன இருக்கு எண்டு பார்ப்பம். பறவைக்கு மூத்திரம் போக வேற வழி கிடையாது, எல்லாம் ஒரே வாசலாலதான் வரும். நம்மட உடம்பு கழிவு நைதரசனை யூரியாவா தண்ணில கரைச்சு அனுப்புது, பறவை அதை யூரிக் அமிலமாவும் அதுட உப்பாவும் வெள்ளைக் களியா வெளிய விட்டுட்டு தண்ணிய மிச்சம் புடிக்கும். அப்ப அந்த வெள்ளைதான் மூத்திரம், நடுவுல கறுப்பா பச்சையா கிடக்கிறது மலம். யூரிக் அமிலம் தண்ணில கரையிறது படு குறைவு, ஒரு லீட்டர் சாதாரண தண்ணிக்கு 60 மில்லிகிராம் மட்டும்தான், அதுனாலதான் ஒரு வாளித் தண்ணிய வீசி ஊத்தினாலும் காஞ்ச எச்சம் அசையாம இருக்கிற.

அமிலத்தோட நிண்டா பரவாயில்ல, சமிபாட்டு நொதியங்களும் வருது. 2009ல ஈரான்ல சில ஆராய்ச்சியாளர்கள் கார் பெயின்ட் மேல உண்மையான எச்சத்தையும், பங்கிரியாட்டின் எண்ட நொதியக் கலவையையும் போட்டுப் பார்த்தாங்க. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிச் சேதம். மாப்பொருளையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கிற அதே நொதியங்கள் ஈரம் இருக்கிற வரைக்கும் பெயின்ட்ட இரசாயனப் பிணைப்பையும் வெட்டுது, வெட்டுப்பட்ட துண்டு தண்ணில கரைஞ்சு போக அந்த இடம் குழியாகுது.

இனி வெயில். கார்ல நாம கையால தடவுறது கலர் இல்ல, அதுக்கு மேல அடிச்ச கிளியர் கோட் எண்ட நிறமில்லாத பூச்சு. தகரத்துல துருப்பிடிக்காத பூச்சு, பிறகு பிறைமர், பிறகு கலர், அதுக்கு மேலதான் கிளியர், அதுட தடிப்பு 0.04, 0.05 மில்லிமீட்டர் அளவு, நாலும் சேர்ந்தாலும் 0.1 மில்லிமீட்டரை கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம்மட வெயில்ல கறுப்பு பொனட் 70 பாகைக்கும் ஏறும். பல கிளியர் கோட்டுகள் 50, 60 பாகை வரவே இளகத் தொடங்கிரும், பூட்டின காருக்குள்ள வச்ச மெழுகுதிரி மாதிரி, உருகாது, ஆனா நகத்தால அமத்தினா அடையாளம் விழும். இளகி விரிஞ்சு கிடக்கிற அந்த மேற்பரப்புல எச்சம் காஞ்சு இறுகி ஒட்டிக் கிடக்கு. பின்னேரம் காத்து வந்து தகரம் குளிர கிளியர் சுருங்கி இறுகுது, ஆனா பழைய மட்டத்துக்கு வரேலாது, எச்சத்துட கரடுமுரடு அப்படியே அதுல பதிஞ்சிரும். எச்சத்தைக் கழுவின பிறகும் அந்த இடம் மங்கலாத் தெரியிறது அழுக்கால இல்ல, மேற்பரப்பு சமமில்லாம வெளிச்சம் சிதறுறதால. லேசான அடையாளம் எண்டா திரும்பச் சூடு பட சில நேரம் தானா மட்டமாகும், அதை நம்பி இருக்கேலாது.

எந்தப் பறவை எண்டதும் முக்கியம். கல்லடிப் பக்கம் வாவிக் கரையில நிப்பாட்டினா நீர்க்காகம், கொக்கு, மீன் திண்டுட்டு தண்ணியா பெரிசாப் போடும், அது பரவி வழியும், கழுவ லேசு. அம்பாறை வயல் பக்கம் நெல்லுப் பொறுக்கிற புறா, குருவி போடுறது சின்னன், ஆனா சொரசொரப்புக் கூட. பறவைக்குப் பல்லில்ல, மணலையும் சின்னக் கல்லையும் விழுங்கித்தான் இரைப்பைக்குள்ள தானியத்தை அரைக்கும், அந்த மணல்ல கொஞ்சம் வெளியவும் வரும். இரவைக்கு வௌவால் நாவல் பழத்தைத் திண்டுட்டு போடுற ஊதாக் கறை வேற தலையிடி.

அந்த மணல்தான் நான் கெஞ்சிக் கேக்கிறதுக்குக் காரணம்: காஞ்ச எச்சத்தை பழைய பனியனால, பேப்பரால தேய்க்காதீங்க. எச்சம் செய்யிற சேதத்தை விட தேய்ச்சு வாற கீறல் கூட. காஞ்சதைச் சுரண்டினா தூள் மூக்குக்குள்ளயும் போகும், அதுல நோய்க்கிருமி இருக்கலாம். செய்ய வேண்டியது லேசு. காரை நிழலுக்கு எடுங்க, ஒரு துணியையோ டிஷ்ஷூவையோ இளஞ்சூட்டுத் தண்ணில கார் ஷம்பூ கொஞ்சம் விட்டு நனைச்சு எச்சத்துக்கு மேல போர்த்தி 10 நிமிஷம் விடுங்க. பிறகு துணியோட சேத்து தூக்குங்க, இழுக்காதீங்க, கிட்டப் பார்த்தீங்க எண்டா வெள்ளை கழண்டு துணில பிசுபிசுப்பா வரும், நடுவுல மணல் மணியா நிக்கும். அந்த மணி போகாட்டி திரும்ப ஊற வைக்கிறதுதான், அவசரப்பட்டு விரலால தள்ளப்படாது.

சோடா ஊத்தினா போகும் எண்டு ஒரு கதை இருக்கு. சோடாவே அமிலம், யூரிக் அமிலம் அமிலத்துக்குள்ள இன்னும் குறைவாத்தான் கரையும், போச்சு எண்டா அது சோடாக்குள்ள இருந்த தண்ணிட புண்ணியம். தேசிக்காயும் அதே. டூத் பேஸ்ட் கீறும். சட்டி கழுவுற சோப்பு எச்சத்தை எடுக்கும், கூடவே பெயின்டுக்கு மேல பூசுற வக்ஸையும் எடுத்துரும்.

வக்ஸ் எண்டது பலிகொடுக்கிற படை. நொதியமும் அமிலமும் முதல்ல அதோட மல்லுக்கட்ட கிளியருக்கு கொஞ்ச நேரம் கிடைக்கும். நம்மட சூட்டுல கார்னோபா எண்ட மரத்து வக்ஸ் சில கிழமைதான் தாங்கும், செயற்கை சீலன்ட் பூச்சு மாதக்கணக்குல நிக்கும், செரமிக் பூச்சு இன்னும் கூட. ஆனா செரமிக் அடிச்சா எச்சம் ஒண்டும் செய்யாது எண்டு விக்கிறது சுத்தப் பொய், அதுவும் நேரம்தான் வாங்கித் தரும். காசு செலவழிக்க விருப்பமில்லாட்டி கரண்ட் வயருக்குக் கீழ நிப்பாட்டுறதை விடுங்க, நிலத்துல வெள்ளைப் புள்ளி கிடந்தா ரெண்டு மீட்டர் தள்ளி விடுங்க. தூசு பிடிச்ச கார்ல கவர் போட்டா காத்துக்கு உரஞ்சி கீறும், கழுவிட்டுப் போடுங்க.

அடையாளம் விழுந்திட்டா கட் அண்ட் பொலிஷ். அது கறையை அழிக்கிற வேலை இல்ல, சுத்திவர இருக்கிற கிளியரை அந்தக் குழிட மட்டத்துக்குச் சீவி இறக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பொருளும் அந்தக் கிளியருக்குள்ளதான் இருக்கு, ஒவ்வொரு பொலிஷுக்கும் அது குறையும். ஜப்பான்ல இருந்து வந்த ரீகண்டிஷன் கார் எண்டா அங்க எத்தனை தரம் பொலிஷ் பண்ணினாங்களோ தெரியாது, அதுனால மெஷினைப் பிடிக்க முன்னம் பெயின்ட் தடிப்பு அளக்கிற மீட்டர் இருக்கா எண்டு கேளுங்க. நகத்தால தடவி குழி தட்டுப்பட்டா பொலிஷ் கனக்க உதவாது, அந்தத் துண்டுக்குத் திரும்பக் கிளியர் அடிக்கிறதுதான் வழி.