யாங்கீஸ் தோற்றால் பாஸ்டனுக்கு என்ன லாபம்?

பாஸ்டனில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் ஊர் பேஸ்பால் அணி ரெட் சாக்ஸ் ஜெயித்தால் சந்தோஷப்படுகிறேன், சரி. எங்கோ நடக்கும் ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் தோற்றாலும் ஏன் குதிக்கிறேன்?"

பழைய வயிற்றெரிச்சல்தான். 1918-இல் பேஸ்பால் கோப்பையை வென்ற ரெட் சாக்ஸ், அடுத்த வருடக் கடைசியில் தன் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத்தை யாங்கீஸுக்கு விற்றது. மறுபடி கோப்பையைத் தொட 2004 ஆகிவிட்டது. அதற்குள் யாங்கீஸ் 26 முறை வென்றிருந்தது.

2011-இல் மீனா சிகாரா, மேத்யூ பாட்வினிக், சூசன் ஃபிஸ்க் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரு அணிகளின் தீவிர ரசிகர்களையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து ஆட்டங்களைக் காட்டினார்கள். தன் அணி சொதப்பும்போதும் எதிரணி ஜெயிக்கும்போதும் மூளையில் முன் சிங்குலேட் புறணி, இன்சுலா என்ற இரு பகுதிகள் விழித்துக்கொண்டன. இன்சுலா என்பது குடல், இதயம் போன்ற உள்ளுறுப்புகளின் சேதி வந்து சேரும் இடம். வலி, அருவருப்பு என்று பலவற்றுக்கும் அது துடிக்கும் என்பதால் 'பொறாமை மையம்' என்று பெயர் சூட்டிவிட முடியாது. ஆனாலும் "வயிறு எரியுது" என்று சொன்ன நம் பாட்டிகள் ரொம்பத் தள்ளிப்போகவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ரெட் சாக்ஸிடம் யாங்கீஸ் தோற்றால் மகிழ்ச்சி எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது: நாம் ஜெயித்ததாலா, அவன் விழுந்ததாலா? அதனால் ஆய்வாளர்கள் எதிரணி மூன்றாவது அணி ஒன்றிடம் தோற்கும் காட்சியையும் வைத்தார்கள். ரசிகரின் அணி அந்தத் திடலிலேயே இல்லை. அப்போதும் வென்ட்ரல் ஸ்ட்ரையேட்டம் கிளர்ந்தது! சாப்பாடு, பணம், பாராட்டு கிடைத்தால் கிளரும் அதே பகுதி. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டுவரும் நரம்புகள் கிடைத்ததை மட்டும் எண்ணுவதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கின்றன. ஜெயித்தே பழகிய அணி சறுக்கினால் கூடுதலாக இனிப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் ஊகம். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை என்பார்களே, அங்கே மூக்காவது போகிறது. இங்கே செலவே இல்லை.

"இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம்?" என்பவர்களுக்கு ஒன்று. ஸ்ட்ரையேட்டம் அதிகம் கிளர்ந்தவர்களே, எதிரணி ரசிகரைத் திட்டவோ அடிக்கவோ கூடும் என்று அதிகம் ஒப்புக்கொண்டார்கள். திடலுக்கு வெளியே சாதியும் மதமும் இதே கணக்கைப் போடுகின்றனவா என்று தெரிந்துகொள்ளச் செலவழிக்கும் பணம் வீண் என்று நான் நினைக்கவில்லை.

வீண்செலவு வேறு இருக்கிறது. 2008-இல் யாங்கீஸின் புது மைதானக் கட்டுமானத்தில் வேலை செய்த ரெட் சாக்ஸ் ரசிகர் ஒருவர், சூனியமாக இருக்கட்டும் என்று தன் அணி வீரர் டேவிட் ஓர்டிஸின் சட்டையைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தார். இத்தனை பணக்கார அணி அதைச் சிரித்துவிட்டு விட்டதா? இல்லை. ஆள் வைத்து உடைத்து எடுத்தது! பிறகு அந்தச் சட்டை பாஸ்டனின் புற்றுநோய் நிதிக்காக 1,75,100 டாலருக்கு ஏலம் போனது. புது மைதானத்தின் முதல் வருடமான 2009-இல் யாங்கீஸ் 27-ஆவது கோப்பையை வென்றது. சட்டையை எடுத்ததால்தான் என்று இன்றும் சத்தியம் செய்ய ஆள் இருப்பார்கள்.