அசையாமல் நிற்கச் சொல்லாதீர்கள்

மேல்நிலை நீர்த்தொட்டிக்கு வண்ணம் பூசப் போன ஓர் இளைஞர் கடந்த வாரம் மலைத்தேனீக்களிடம் சிக்கினார். முதல் தேனீ கழுத்தில் கொட்டியதும், கீழே நின்றவர்கள் "அசையாமல் நில், ஒன்றும் செய்யாது" என்று கூவியிருக்கிறார்கள். அவரும் நம்பி நின்றிருக்கிறார். கூட்டை அப்புறப்படுத்த நான் போனபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். கழற்றிப் போட்டிருந்த சட்டையின் காலரில் மட்டும் 17 கொடுக்குகளை எண்ணினேன். இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவர்.

அந்த அறிவுரை முழுப் பொய்யல்ல என்பதுதான் சிக்கல். பூவுக்கு வந்த ஒற்றைத் தேனீ சுற்றினால் கை வீசாமல் இருப்பது சரியே. காக்க வேண்டிய கூடு அதற்கு அங்கே இல்லை. கூட்டருகே ஒன்று கொட்டிவிட்டால் நிலைமை வேறு. கொட்டிய தேனீ இறந்துவிடும். ஆனால் தோலில் தங்கிய கொடுக்கிலிருந்து ஐசோஅமைல் அசிடேட் முதலான எச்சரிக்கை மணங்கள் கசிந்துகொண்டே இருக்கும். எதிரி இருக்கும் இடத்தை மற்றத் தேனீக்களுக்கு அறிவிப்பது அந்த மணம்தான். அதைத் தேடி வருபவை அங்கேயே கொட்டி மணத்தை மேலும் கூட்டுகின்றன. நீங்கள் சிலையாக நின்றாலும் குறி உங்கள்மேல் விழுந்தாகிவிட்டது.

நாங்கள் தேனீ வளர்க்கும் பெட்டியைத் திறக்கையில், அடை கட்டியிருக்கும் மரச்சட்டத்தின் இடுக்கில் ஒரு தேனீ நசுங்கினாலே பழுத்த வாழைப்பழ வாசனை எழும். உடனே புகை காட்டிவிட்டுத்தான் அடுத்த சட்டத்தைத் தொடுவோம்; தேனீக்களின் உணர்கொம்புகள் அந்த மணத்தை அறிவதைப் புகை மழுங்கடிக்கிறது. மலைத்தேனீயிடம் எளிதில் ஆவியாகாத இன்னொரு பொருளும் சேர்ந்திருப்பதால் அதன் சீற்றம் நெடுநேரம் தணியாது.

ஆகவே, ஓடுங்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கதவுள்ள கட்டடமோ வண்டியோ கிடைக்கும்வரை நிற்காதீர்கள். குளத்தில் குதிக்காதீர்கள்; மூச்சுக்குத் தலை தூக்கும்போது அவை மேலேயே இருக்கும். உள்ளே போனதும் கொடுக்கை நகத்தால் வழித்தோ கிள்ளியோ உடனே எடுத்துவிடுங்கள். நஞ்சின் பெரும்பகுதி முதல் 20 நொடிகளிலேயே இறங்கிவிடும், சுண்ணாம்பு தேட நேரமில்லை. மூச்சுத்திணறல், முகவீக்கம், தலைசுற்றல் தெரிந்தாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏணியில் நிற்பவரால் ஓட முடியாது. ஒப்பந்தக்காரர்களே, ஆளை ஏற்றுமுன் தொட்டியின் அடிப்பக்கத்தை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூடு தொங்கினால், தயவுசெய்து வேலையைத் தள்ளிப்போடுங்கள். பருவம் மாறும்போது மலைத்தேனீக்கள் தாமாகவே இடம்பெயர்ந்துவிடும்.