சாயங்காலம் வீட்டுக்குப் போகும் நோயாளி

1930-களில் மாஸ்கோவில் மனநோயாளிகளைச் சேர்க்கப் படுக்கைகள் போதவில்லை. காலையில் வந்து சிகிச்சை பெறட்டும், மாலையில் வீட்டுக்குப் போகட்டும் என்று அங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். பகல்நேர மனநல மருத்துவமனை இப்படிப் படுக்கைத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். 1940-களில் மான்ட்ரியலிலும் லண்டனிலும் இதைத் தொடங்கினார்கள்.

மருந்து, மருத்துவர், செவிலியர் எல்லாம் வார்டில் இருப்பதுபோலவேதான். வேறுபாடு, அந்தச் சாயங்காலப் பயணத்தில் இருக்கிறது.

கடும் மனச்சோர்வில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வார்டில் நேரத்துக்குச் சாப்பாடு வரும், மாத்திரை வரும், யாரும் சத்தம் போடமாட்டார்கள். சில வாரங்களில் தேறிவிடுவார். ஆனால் வீட்டில் அடுக்கிக் கிடக்கும் பாத்திரம், அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாதது, கட்டாத வாடகை இவற்றை டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் பார்ப்பார், அதுவும் தனியாக. பகல்நேர மருத்துவமனையில் இருப்பவர் இதையெல்லாம் அன்று ராத்திரியே பார்க்கிறார். மறுநாள் காலைக் கூட்டத்தில், "நேற்று தூங்கினீர்களா, வீட்டில் என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். மருந்தின் அளவும் பேச்சு சிகிச்சையும் அந்தப் பதிலை வைத்து மாறுகின்றன. சமைப்பது, பஸ் ஏறுவது போன்ற அன்றாடப் பழக்கங்களும் விட்டுப்போவதில்லை.

2007-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. லண்டன், டிரெஸ்டன், பிராக் உட்பட ஐந்து ஐரோப்பிய நகரங்களில் 1,117 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரை வார்டிலும் மற்றவர்களைப் பகல்நேர மருத்துவமனையிலும் சேர்த்தார்கள். நோய் அறிகுறிகள் இரு பக்கமும் ஒரே அளவில் குறைந்தன. வீட்டு வேலை, உறவு, வெளியே புழங்குவது ஆகியவற்றில் மட்டும் பகல்நேரத்தில் வந்தவர்கள் முந்தினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிக முக்கியமான முடிவு இதுதான்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. தற்கொலை அபாயம் அதிகமுள்ளவர், பிறரைத் தாக்கக்கூடியவர், திரும்பிப் போக வீடே இல்லாதவர் இவர்களுக்கு வார்டுதான் பாதுகாப்பு. இதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அட்மிட் ஆகிறவர்களில் குறைந்தது ஐந்தில் ஒருவரையாவது இப்படிக் கவனிக்க முடியும் என்கிறார்கள். செலவு எப்போதும் குறையும் என்று சொல்ல முடியாது. லண்டனில் கூடுதலாகவே ஆனது.

குடும்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதனால் சேர்ப்பதற்கு முன்பே சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: ராத்திரி வீட்டில் கூட இருப்பது யார்? மாத்திரை யார் கையில் இருக்கும்? நடுராத்திரியில் நிலைமை மோசமானால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது?