பம்ப் மட்டும் போதாது, எந்தத் தெரு என்றும் சொல்லுங்கள்

கிழக்கு லண்டனில் ஆஸ்துமா தாதியாக வேலை செய்கிறேன். பிள்ளையைக் கூட்டி வரும் தமிழ்த் தாய்மார் பெரும்பாலும் முதலில் சொல்வது, "அக்கா, இவருடைய அப்பாவுக்கும் முட்டு (ஆஸ்துமா) இருந்தது" என்பதுதான். பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் வீடு எங்கே என்று கேட்டால் மிச்சக் கதை வரும்: ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் கடைக்கு மேலே ஃபிளாட், பிள்ளையின் கட்டில் ஜன்னலோரம், நேர் கீழே பஸ் நிறுத்தம். அந்த வாகனப் புகைதான் மிச்சக் கதை.

தென்கிழக்கு லண்டன் லூயிஷமில், சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான பெருவீதியிலிருந்து சுமார் 25 மீட்டர் தள்ளி வாழ்ந்தவள் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி. 2013 பெப்ரவரியில், 9 வயதில், கடும் ஆஸ்துமாவால் இறந்தாள். 2014இல் நடந்த முதல் விசாரணையில் காற்றைப் பற்றிய முடிவே இல்லை. தாய் ரோசமண்ட் விடாமல் போராடி மறுவிசாரணை பெற்றார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, காற்று மாசையும் மரண காரணங்களில் சேர்த்தார். பிரிட்டனில் அதுவே முதல் தடவை. மாசின் ஆபத்தைத் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மரணத்தைத் தடுத்திருக்கக்கூடிய ஏதாவது செய்திருப்பார் என்றும் பார்லோ சொன்னார். அது எங்களைப் போன்ற மருத்துவ ஊழியர்களுக்கான கண்டனம். அதை நான் அப்படியே ஏற்கிறேன்.

லண்டனில் காற்று மிக மோசமான இடங்களில் கறுப்பின, ஆசிய மக்களும் வறிய குடும்பங்களும்தான் அதிகம். பெருந்தெருவோரம் வாடகை குறைவு. வேலை, கோயில், சொந்தக்காரர் எல்லாம் கிட்ட. அந்த வீடுகள் பலவற்றில் கார்கூட இல்லை. வேறு யாரோ ஓட்டும் கார்களின் புகையை இந்தப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம். கூடுதலாகப் புகை விடும் வாகனங்களிடம் கட்டணம் வாங்கும் புகைக்கட்டண வலயம் (ULEZ) 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் விரிந்தது நல்லதுதான். ஆனாலும் வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டைஆக்சைட்டுக்கு நாட்டின் சட்ட வரம்பு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 10.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பாடசாலைக்குப் பின்தெருவால் நடந்து போங்கள். பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் விலகினாலே புகை நன்றாகக் குறையும். நெரிசல் நேரத்தில் வீதிப்பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்தைத் திறவுங்கள். முட்டு வரும்போது இழுக்கும் நீல பம்ப் (இன்ஹேலர்) வாரத்தில் 3 தடவையோ கூடவோ தேவைப்பட்டால், அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வாருங்கள். வீடு மாற்றம் கேட்டு கவுன்சிலுக்கு எழுதுகிறீர்களா? வீதி எவ்வளவு கிட்ட என்பதையும் சேர்த்து மருத்துவக் கடிதம் கேளுங்கள்.