குழியின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு

ஃப்ளூ ஊசி போட்டு நான்கு வாரம் ஆகிறது. உடம்பு அதை ஏற்றுக்கொண்டதா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஆய்வகங்கள் இன்றும் நம்பியிருப்பது 1941இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட் கவனித்த ஒரு சங்கதியைத்தான்: இன்ஃப்ளூயன்சா (ஃப்ளூ) வைரஸ் கோழியின் ரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். வைரஸை மறிக்க உடம்பு உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி இருந்தால் அந்த ஒட்டல் நடக்காது.

நீலகிரிக்கு ஃப்ளூ ஆய்வு புதிதல்ல. நாய்க்கடி மருத்துவத்துக்காக 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில் 1950களில் ஓர் இன்ஃப்ளூயன்சா மையம் இயங்கியது. 1957இன் ஆசிய ஃப்ளூ இந்தியாவில் பரவிய விதத்தை அங்கிருந்த ஐ.ஜி.கே. மேனன் 1959இல் விரிவாகப் பதிவு செய்தார்.

சோதனைக்கு ஊசி போடும் நாளன்று ஒரு ரத்த மாதிரி, 21 முதல் 28 நாள் கழித்து இன்னொன்று வேண்டும். ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கிய தெளிநீரான சீரத்தில் இயல்பாகவே சில பொருட்கள் வைரஸை மறித்து, ஆன்டிபாடி போல நடிக்கும். அதனால் ஒரு பங்கு சீரத்துக்கு அந்தப் பொருட்களை அழிக்கும் ஆர்.டி.இ. என்ற நொதியை மூன்று பங்கு சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, மறுநாள் 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள். பிறகு 96 குழித் தட்டில் 1:10, 1:20, 1:40 என்று ஒவ்வொரு குழிக்கும் பாதியாக நீர்த்துக்கொண்டே 1:1280 வரை போவார்கள். குழிக்கு 25 மைக்ரோலிட்டர். அதே அளவு வைரஸ் கரைசலைச் சேர்த்து 15 நிமிடம் காத்திருந்து, கடைசியாக 0.5 சதவீதச் சிவப்பணுக் கரைசலை 50 மைக்ரோலிட்டர் விடுவார்கள்.

அரை மணி நேரத்தில் விடை தெரியும். வைரஸ் கட்டற்று இருந்தால் அணுக்களை வலைபோல் பின்னிவிடும். குழி முழுக்க மெல்லிய செம்படலம். ஆன்டிபாடி வைரஸை மறித்திருந்தால் அணுக்கள் அடியில் பொட்டாகப் படியும். தட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த்துளிபோல் வழிய வேண்டும். முழுதாக வழியும் கடைசிக் குழியின் நீர்ப்புதான் டைட்டர்.

கேட்க எளிது, கை தவறும் இடங்கள் நிறைய. வைரஸின் அளவு, அணுக்களை ஒட்டவைக்கும் திறனை வைத்துக் கணக்கிடும் அலகில், நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே இருந்தால் டைட்டர் ஒரு படி கூடுதலாகக் காட்டும். ‘அறை வெப்பநிலை’ என்றால் 22 முதல் 25 டிகிரி. டிசம்பர் மாதக் குன்னூர் அறை தானாக அதைத் தராது. கடிகாரத்தை நம்பாமல், வைரஸ் சேர்க்காத ஒப்பீட்டுக் குழியில் பொட்டு படிந்த பிறகே படிக்க வேண்டும். ஃப்ளூவின் ஒரு வகையான எச்3என்2இன் அண்மைக்கால வைரஸ்கள் கோழி அணுக்களைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால் கினிப்பன்றி அணுக்களுக்கு மாற வேண்டியதாயிற்று.

ஒரு படி வித்தியாசம் கைப்பிழையாகவும் இருக்கலாம். ஆகவே முதல் மாதிரியைவிட இரண்டாவதில் டைட்டர் நான்கு மடங்கு ஏறினால்தான் ஊசி பிடித்ததாகக் கணக்கு. 40 (அதாவது 1:40) என்ற டைட்டர் தொற்று அபாயத்தைச் சுமார் பாதியாகக் குறைக்கும் அளவு. 1972இல் பிரிட்டனில் தன்னார்வலர்களிடம் நடந்த ஆய்விலிருந்து வேரூன்றிய வழக்கு. அதைக் கவசம் என்று படிப்பது தவறு.

எண் ஏறாததற்குச் சாதாரணக் காரணமும் உண்டு: மருந்து உறைந்திருக்கும். ஃப்ளூ தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயில் ஊர்களில் சூட்டைக் கண்டு பயம். ஊட்டியில் உறைபனிக் காலத்து இரவுகளில் குளிரையும் பார்க்க வேண்டும். குளிர்பெட்டியின் உட்சுவரை ஒட்டி வைத்த குப்பி உறைந்துவிட்டால், உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் எறிந்துவிட வேண்டியதுதான்.

எண் ஏறியும் ஏமாற்றலாம். பெரும்பாலான ஃப்ளூ தடுப்பூசி வைரஸ் கருவுற்ற கோழிமுட்டையில்தான் வளர்கிறது. முட்டைக்குப் பழகும்போது சிவப்பணுக்களைப் பிடிக்கும் அதன் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினின் சற்று மாறும். 2016-17 பருவத்தில் ஊரில் பரவிய எச்3என்2 மேல் ஒரு சர்க்கரைக் கொத்து இருந்தது. முட்டையில் வளர்ந்த தடுப்பூசி வைரஸில் அது இல்லை. முட்டை வைரஸை வைத்துச் சோதித்தால் டைட்டர் அழகாக வரும், ஊர் வைரஸை வைத்தால் விழும். எந்த வைரஸை வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத டைட்டருக்கு அதிக மதிப்பில்லை.

பிறந்த ஆண்டும் சேர்ந்துகொள்கிறது. கோத்தகிரியில் 1960இல் பிறந்தவரின் உடம்பு முதலில் சந்தித்த ஃப்ளூ, பெரும்பாலும் மேனன் பதிவு செய்த ஆசிய ஃப்ளூவின் எச்2என்2 வகையாக இருந்திருக்கும்; 1975இல் பிறந்தவருக்கு எச்3என்2ஆக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பறவைக் காய்ச்சல் எச்5என்1, எச்2இன் நெருங்கிய உறவு. எச்3என்2 பரவத் தொடங்கிய 1968க்கு முன் பிறந்தவர்களிடம் அது கடுமையாவது குறைவு என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இருவருக்கும் ஒரே நாளில் ஒரே குப்பியிலிருந்து ஊசி போட்டாலும், தட்டில் பொட்டு ஒரே குழியோடு நிற்க வேண்டும் என்பதில்லை.