மறையாக்கம் வேறு, குறியாக்கம் வேறு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் கணினியைத் தாமே கற்றுக்கொண்டவர். திரையில் வருவதையெல்லாம் தமிழில்தான் வைத்திருப்பார். சென்ற மாதம் என்னை அழைத்து, வங்கிக் கணக்கு எண்களும் கடவுச்சொற்களும் எழுதிய ஓர் உரைக்கோப்பைக் காட்டினார். "முக்கியமான கோப்பைக் குறியாக்கம் பண்ணி வைக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்தான் தம்பி. சேமிக்கிற இடத்துலயே குறியாக்கம்னு ஒரு பெட்டி இருந்துது. யுடிஎஃப்-8னு போட்டிருக்கேன். எட்டு போதுமா, பதினாறு போட்டா இன்னும் பத்திரமா?" என்று கேட்டார்.

சிரிப்பதற்கில்லை. அவர் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. நாளிதழ் சொன்ன குறியாக்கம், சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றுவது. உரைத்திருத்தி சொன்ன குறியாக்கம், எழுத்துகளை எண்களாக எழுதிவைக்கும் முறை; யுடிஎஃப்-8 அத்தகைய முறைகளில் ஒன்று. முன்னது பாதுகாப்பு, பின்னது வெறும் எழுத்துவேலை. முன்னதை மறையாக்கம் என்றும், பின்னதை மட்டும் குறியாக்கம் என்றும் அழைக்க வேண்டும் என்பதே என் கட்சி. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சூட்டிவிட்டு, வேறுபாட்டைப் படிப்பவரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டவர்களின் தவறுக்கு, எல்லாக் கடவுச்சொற்களையும் திறந்த கோப்பில் வைத்திருந்த அந்தப் பெரியவர் பொறுப்பாக மாட்டார். இதே குழப்பத்தோடு என்னிடம் வந்தவர்களில் அவர் முதல்வரும் அல்லர்.

வேர்ச்சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் முன்னதைக் குறிக்கும் என்கிரிப்ஷன் என்னும் சொல்லின் நடுவே இருப்பது 'மறைந்தது' எனப் பொருள்படும் க்ரிப்டோஸ் என்னும் கிரேக்கச் சொல். பின்னதைக் குறிக்கும் என்கோடிங் என்பதன் நடுவே இருக்கும் கோட், கோடெக்ஸ் என்னும் இலத்தீனிலிருந்து வந்தது. அதற்கு முதலில் அடிமரம் என்றும், பிறகு மரப்பலகை ஏடு, ஏடுகளைக் கட்டிய நூல், சட்டத் தொகுப்பு என்றும் பொருள் வளர்ந்தது. ஒன்றின் கருவிலேயே மறைவு இருக்கிறது. மற்றொன்றின் கருவில் இருப்பது எழுதி வைத்த ஒழுங்கு மட்டுமே.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஊரறிய வைத்துக்கொள்ளும் உடன்பாடே குறியாக்கம். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. இதனால் நம்மளவு பட்டவர்கள் குறைவு. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. தஸ்கி என்றும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி வந்த டாப், டாம் என்றும் பல குறியாக்கங்கள் புழங்கின. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமாக 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் (யூனிகோடு) முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தும், நாம் அதற்கு முழுதாக வந்து சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இவ்வளவு காலமும் நாம் பேசியது குறியாக்கத்தைப் பற்றித்தான். அதில் எங்கேயும் ஒளிவுமறைவு இல்லை. பாமினிக் கடிதம் படிக்க முடியாமல் கிடந்தது எழுத்துரு இல்லாத குறையால்தான்; எவரும் எதையும் மறைக்கவில்லை.

மின்னஞ்சல் இணைப்புகளை அனுப்பப் பயன்படும் பேஸ்64 என்னும் குறியாக்கம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 'தமிழ்' என்னும் சொல் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். பேஸ்64க்கு மாற்றினால் 20 எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சரமாகும். பார்ப்பதற்கு ஒற்றர் ஓலைபோல இருக்கும். ஆனால் எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் பழைய 'தமிழ்' திரும்பி வந்துவிடும். சாவி எதுவும் வேண்டாம். சாவி என்பதே அங்கில்லை.

சாவி எங்கே நுழைகிறதோ அங்கேதான் மறையாக்கம் தொடங்குகிறது. அகரத்தை மூன்று இடம் தள்ளி ஈகாரமாக எழுதுவது, மற்றவற்றையும் அப்படியே தள்ளுவது என்று வைத்துக்கொண்டால், அந்த 'மூன்று' ஒரு சாவி. ஜூலியஸ் சீசர் செய்ததாகச் சொல்லப்படும் இந்த வித்தையை இன்று ஒரு பள்ளிச் சிறுவன் உடைத்துவிடுவான். ஆனாலும் அது மறையாக்கமே, வலுவற்ற மறையாக்கம். முறை எதிரியின் கைக்கே போனாலும் சாவி போகாதவரை செய்தி காக்கப்பட வேண்டும் என்று 1883இல் நெறி வகுத்தவர் ஓகுஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ். அவர் ஒரு மொழியறிஞர் என்பதைச் சொற்பொருளில் அசட்டையாக இருப்போரின் கவனத்துக்காகச் சொல்லி வைக்கிறேன். இன்று வன்வட்டுகளையும் சுருக்கிய கோப்புகளையும் காக்கும் ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறையை அமெரிக்கத் தர நிறுவனம் 2001இல் வெளிப்படையாகவே அறிவித்தது. அதன் ஒவ்வொரு படியையும் எவரும் படிக்கலாம். அதற்கு இடும் 256 பிட் சாவி, அதாவது 0, 1 என்னும் 256 இலக்கங்களாலான சாவி, எதுவாக இருக்கக்கூடும் என்று எண்ணப் புகுந்தால், வாய்ப்புகளின் எண்ணிக்கையே 78 இலக்கம் கொண்ட எண்ணாக நீளும்.

இனி, குறியாக்கம் என்றே இருக்கட்டும் என்போரின் வாதத்துக்கு வருகிறேன். அவர்களுள் தமிழ் அறிந்தவர்கள் ஒரு நல்ல சான்றைக் கையில் வைத்திருக்கிறார்கள். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்கும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதபடி பேசிக்கொள்வதற்குத் தமிழன் 'குறி' என்று பெயரிட்டிருக்கையில், மறைப்பை அதிலிருந்து பிரிக்க நீ யார் என்பது கேள்வி.

கேள்வி நியாயமானது, விடை அந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. 'பறி' என்றால் பொன் என்று ஒருவன் ஒருமுறை அறிந்துகொண்டால், அதன்பின் எந்தப் பொற்கொல்லர் எந்தக் கடையில் பேசினாலும் அவனுக்குப் புரியும். மாற்றிக்கொள்ளச் சாவி இல்லை. பட்டியல் வெளியே போனால் எல்லாம் போயிற்று. மேலும் அத்தொடரில் மறைவைத் தருவது 'குறி' அன்று. 'குழூஉ' என்னும் முன்சொல். கூட்டத்துக்குள் நிற்பதனால்தான் அது பிறருக்குப் புரியாமல் போகிறது. குழூஉவை நீக்கிவிட்டால் எஞ்சும் குறி, அடையாளம் என்ற பொருளோடு நின்றுவிடும். நிறுத்தக்குறியும் வினாக்குறியும் எதையும் மறைப்பதில்லை, காட்டத்தான் செய்கின்றன. காட்டுவதற்கென்றே பிறந்த ஒரு சொல்லின்மேல் மறைக்கும் சுமையை ஏற்றுவது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு சாரார், சூழலை வைத்துப் பொருளை அறிந்துகொள்ளலாமே என்கிறார்கள். பாட்டில் அறிந்துகொள்ளலாம். கணினித் திரையில் சூழல் என்பது ஒரு பொத்தான், ஒரு பெட்டி, அதிகம் போனால் இரண்டு சொல். அங்கே ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் இல்லையென்றால் கலைச்சொல் எதற்கு?

மறை என்னும் சொல்லுக்கு வேண்டிய தகுதி பழையது. ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறள், ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பை ஊரறியச் செய்யாதே, செய்தால் 'புறப்படுத்தான் ஆகும் மறை' என்கிறது. ஒற்றர் தொழிலைப் பேசுமிடத்திலேயே கமுக்கத்துக்கு இச்சொல் நிற்பதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

மறையாக்கத்தின் மேல் சொல்லப்படும் குற்றங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறை என்றால் வேதம், எனவே மறையாக்கம் வேதம் செய்வதாகும் என்பது ஒன்று. வன்வட்டை வைத்துக்கொண்டு வேதம் இயற்றுவதாக எவரும் எண்ணப்போவதில்லை. 'மறையா' என்று பிரித்தால் மறைக்காத ஆக்கம் என எதிர்ப்பொருள் வருமே என்பது இரண்டாவது. வராது. 'மறையா' என்பதோடு ஆக்கம் சேர்ந்தால் வகர உடம்படுமெய் தோன்றி 'மறையாவாக்கம்' ஆகும். மறை என்னும் ஐகார ஈற்றோடு சேர்ந்தால்தான் யகரம் வரும். புணர்ச்சி விதி கணினிப் பாதுகாப்புக்கும் உதவும் என்று அந்த ஆசிரியரிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாவது குற்றச்சாட்டே உண்மையில் வலுவுள்ளது. கோப்பு உலாவியில் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கும் கோப்பை 'மறைக்கப்பட்ட கோப்பு' என்கிறோம். அதுவும் இதுவும் குழம்பாதா? குழம்பக்கூடும். மறைத்த கோப்பு இருப்பதே தெரியாது, தேடி எடுத்துவிட்டால் எவரும் படிக்கலாம். மறையாக்கிய கோப்பு கண்முன்னே இருக்கும், படிக்கத்தான் முடியாது. ஆகவே 'மறைத்தல்', 'மறையாக்குதல்' என்ற இரு வினைகளையும் கண்டிப்பாகப் பிரித்தே எழுத வேண்டும். இந்தக் கண்டிப்பு முடியாது என்போர் 'மறைக்குறியாக்கம்' என்று நீட்டி எழுதட்டும். அதில் எனக்குத் தடையில்லை, பொத்தானில் இடம் போதாது என்பதைத் தவிர.

'பூட்டுதல்' என்று எளிமையாகச் சொல்லலாமே என்று கேட்ட நண்பருக்கும் ஒரு சொல். கணினியைத் திறக்கக் கடவுச்சொல் கேட்பது பூட்டுதான். ஆனால் அந்தக் கணினியின் வன்வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால், உள்ளே இருப்பவை பெரும்பாலும் அப்படியே படிக்கக் கிடைக்கும். பூட்டு வாசலில் இருந்ததே தவிரப் பெட்டியில் இல்லை. வன்வட்டு மறையாக்கப்பட்டிருந்தால் எங்கே மாட்டினாலும் சாவியில்லாமல் பயனில்லை. விண்டோஸில் வன்வட்டை மறையாக்கும் பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தொலைத்தவர்கள் இதைக் கசப்போடு அறிவார்கள். பூட்டென்று பெயரிட்டால் இந்த வேறுபாடு அழிந்துபோகும்.

எனக்குத் தனித்தமிழில் பற்று உண்டு. ஆனாலும் தவறான தமிழ்ச்சொல்லைவிட என்கிரிப்ஷன் என்று எழுதிவிடுவது மேல் என்பேன். புரியாத சொல்லைக் கண்டவர் பிறரைக் கேட்பார். புரிந்ததுபோலத் தோன்றும் தவறான சொல்லைக் கண்டவர் கேட்காமலே செயற்படுவார்.

மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் வைப்பதோடு கடமை முடிந்ததென்று எண்ணுவதை இன்னோரிடத்திலும் பார்க்கலாம். அரட்டைச் செயலிகள் பற்றிய செய்திகளில் 'முடிவுக்கு முடிவு குறியாக்கம்' என்ற தொடர் உலவுகிறது. என்ன முடிவு, யார் எடுத்த முடிவு? அனுப்புபவரின் கருவியும் பெறுபவரின் கருவியும் ஆகிய இரு முனைகளில் மட்டுமே சாவி இருக்கும், நடுவே செய்தியைச் சுமக்கும் நிறுவனத்திடம் இராது என்பதே அதன் பொருள். 'இருமுனை மறையாக்கம்' என்றால் பொருளும் வந்துவிடும், மூச்சும் மிஞ்சும். 2017 மே மாதம் கோப்புகளைப் பிணையாக்கிப் பணம் கேட்கும் வன்னாகிரை என்னும் தீநிரல் பல நாடுகளின் கணினிகளை முடக்கியபோது கோப்புகளுக்கு நேர்ந்ததும் மறையாக்கமே. அத்தகைய பணயத் தாக்குதலைக் 'கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டன' என்று எழுதினால், எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்றுதான் பாமினி காலத்துத் தமிழர் நினைப்பார்.

திருப்பி எடுக்கும் செயல்களுக்கான சொற்களும் பிரிந்தே நிற்க வேண்டும். எண்ணிலிருந்து எழுத்துக்குத் திரும்புவது குறிவிலக்கம். சாவியிட்டு மூலத்தைப் பெறுவது மறைநீக்கம். கடவுச்சொற்களைத் தளங்கள் சேமிக்கும் முறையை இவ்விரண்டில் எதிலும் சேர்க்கக் கூடாது. அங்கே நடப்பது மூலத்துக்குத் திரும்ப வழியில்லாத ஒருவழிச் சுருக்கம். அதையும் குறியாக்கம் என்றே எழுதுகிறார்கள். அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

ஆசிரியரின் கோப்பை, கோப்புகளைச் சுருக்கும் 7-ஸிப் மென்பொருளில் ஏஇஎஸ்-256 தேர்ந்து, நீண்ட கடவுச்சொல்லிட்டு மறையாக்கினோம். திறந்து கிடந்த பழைய கோப்பைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினோம். பென்டிரைவ் உறையின்மேல் அவர் தம் அழகிய கையெழுத்தில் 'மறையாக்கியது' என்று எழுதினார். சற்று யோசித்துவிட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் 'மறையா + ஆக்கியது அன்று' என்றும் சேர்த்தார்.