புல்தரையில் துளை போடுவது எதற்காக?

டொராண்டோவைச் சுற்றி மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் எழும்பியிருக்கும் புதுக் குடியிருப்புகளில் ஒரு குறையை அடிக்கடி பார்க்கலாம். குடிவந்தபோது பச்சைப்பசேலென்று இருந்த புல்தரை சில வருடங்களிலேயே மெலிந்து, திட்டுத்திட்டாக மண் தெரிய ஆரம்பிக்கும். தண்ணீர் விட்டால் தேங்கும். உரம் போட்டால் கொஞ்ச நாள் பச்சை காட்டிவிட்டு மறுபடி மங்கும். பெரும்பாலும் கோளாறு மண்ணில்தான். வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியிலுள்ள களிமண்மீது கனரக வண்டிகளை ஓட்டுகிறார்கள். கடைசியில் மெல்லியதாக மேல்மண் பரப்பி, சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்துவிடுகிறார்கள்.

நல்ல மண்ணில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். மீதி வெற்றிடம், தண்ணீரும் காற்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. மண்ணை அழுத்தும்போது முதலில் மூடிக்கொள்பவை பெரிய இடைவெளிகள். மழைநீர் வடிவதும் காற்று உள்ளே போவதும் அவற்றின் வழியாகத்தான். எஞ்சும் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதைவிட சுமார் 10,000 மடங்கு குறைவு. வேரும் சுவாசிக்கிறது. இலை அனுப்பும் சர்க்கரையை ஆக்சிஜனோடு எரித்து, அந்த ஆற்றலில்தான் வளர்கிறது, சத்துகளை உள்ளே இழுக்கிறது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் உரம் பக்கத்திலேயே கிடந்தாலும் அதை எடுக்க வேருக்குத் தெம்பிருக்காது. இப்படிப்பட்ட தரையில் மேலும் மேலும் உரம் கொட்டுவது வீண் செலவு.

மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்க, மழை பெய்த மறுநாள் நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைக் கையால் அழுத்துங்கள். சில அங்குலம் இறங்கவே முரண்டு பிடித்தால் சந்தேகம் வேண்டாம்.

இறுகிய மண்ணைத் தளர்த்தி, காற்றும் தண்ணீரும் இறங்க வழிவிடத்தான் துளை போடுகிறோம். சரி, அதை எப்படிப் போடுவது? ஆணி வைத்த செருப்பை மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. களிமண்ணில் அது உதவாது. ஆணி இறங்கும்போது மண் எங்கும் வெளியேறுவதில்லை. பக்கவாட்டில் நெருக்கப்பட்டு, துளையின் சுவர் இன்னும் இறுகுகிறது. வாடகைக்குக் கிடைக்கும் கோர் ஏரேட்டர் என்ற துளை போடும் இயந்திரத்தில் இருப்பவை உள்ளீடற்ற குழாய்ப் பற்கள். அவை 2 முதல் 3 அங்குல ஆழத்துக்கு மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி வெளியே போடும். மண் உண்மையிலேயே வெளியேறுவதால், சுற்றியுள்ள மண் தளர்வதற்கு இடம் கிடைக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: அரை அங்குல விட்டத்தில் சதுர அடிக்கு 30 துளை போட்டாலும், பரப்பில் 4 சதவீதம்தான் திறக்கும். அதனால் ஒரு தடவை நீளவாக்கில் ஓட்டிவிட்டு, அப்புறம் குறுக்கேயும் ஓட்டுவது அவசியம். மோசமான களிமண்ணுக்கு வருடாவருடம் செய்தால்தான் பலன் தெரியும்.

எப்போது என்பதைப் புல்லின் இயல்பு தீர்மானிக்கிறது. நம் ஊர் அருகம்புல் வெயிலில் செழிப்பது. அதற்குக் கோடையில் துளை போடலாம். கனடாவில் வளரும் கென்டக்கி ப்ளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ எல்லாம் குளிர்ச்சியை விரும்புபவை. ஜூலை வெயிலில் ஏற்கெனவே சோர்ந்திருக்கும் இவற்றைக் குத்தினால் வேர் காய்ந்து இன்னும் நலியும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் சிறந்த காலம். காற்று குளிரத் தொடங்கியும் மண்ணில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். வேர் வேகமாக வளரும். ப்ளூகிராஸ் மண்ணுக்கடியில் கிடைத்தண்டு ஓட்டி, திறந்த இடத்தைத் தானாகவே மூடிக்கொள்ளும். வசந்தத்தில் செய்தால் அந்தத் திறந்த மண்ணைக் களைவிதைகள் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. ஒன்டாரியோவில் 2009 முதல் அழகுக்காகப் புல்தரையில் களைக்கொல்லி அடிப்பதற்குத் தடை இருப்பதால், களைக்கு இடம் கொடுக்காத அடர்த்தியான புல்தான் முதல் பாதுகாப்பு.

பனிக்காலத்தில் மண் உறைந்து உருகுவதே போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிவது மண்ணை ஓரளவு தளர்த்தத்தான் செய்கிறது. ஆனால் பனி உருகிச் சொதசொதவென்று இருக்கும் தரையில் நடந்தால் அது மறுபடி இறுகிவிடும்.

ஈரப்பதம்தான் பலரும் கவனிக்காத விஷயம். காய்ந்த களிமண்ணில் பல் இறங்காது. சேறாக இருந்தால் துளையின் சுவர் வழவழவென்று பூசிக்கொண்டு அடைத்துவிடும். முந்தின நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் ஓட்டினால் சரியாக இருக்கும். பிடுங்கிய மண் உருளைகளை வாரிக் கொட்டாதீர்கள். சில வாரங்களில் அவை உதிர்ந்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் புல்லடியில் சேர்ந்திருக்கும் பழைய தண்டு, வேர்ச் சக்கையை மக்க வைக்கும். அன்றே சலித்த கம்போஸ்ட்டை மெல்லியதாகத் தூவி, துளைகளுக்குள் தள்ளிவிடலாம். புது விதை போடவும் அதுவே நேரம். ரைகிராஸ் ஒரு வாரம் பத்து நாளில் தலைகாட்டிவிடும். ப்ளூகிராஸுக்கு இரண்டு மூன்று வாரமாவது ஆகும். எனவே அதை விதைப்பதாக இருந்தால் செப்டம்பர் நடுப்பகுதியைத் தாண்ட விடாதீர்கள்.